பியோரியாவுக்குக் குடிபோகலாமா? உள்ளதை உள்ளபடி சொல்லுங்க

எதிர்க்காற்று | ஞாயிறு இரவு 9:12

எல்லாருக்கும் வணக்கம். நான் மெக்கானிக்கல் இன்ஜினியர். ஊர்ல இருந்தப்போ திருவள்ளூர்ல புல்டோசர் மாதிரி பெரிய வண்டிகள் செய்யுற கேட்டர்பில்லர் கம்பெனி ஆலையில மூணு வருஷம் வேலை பார்த்தேன். அப்போ தினமும் காதுல விழுற பேரு பியோரியா. "பியோரியா கேட்டுச்சு", "பியோரியா ஒத்துக்கலை", "பியோரியா தூங்கப் போயிடுச்சு, நாளைக்குப் பேசிக்கலாம்." ஊர் பேரா, மேனேஜர் பேரான்னு புரியவே ஒரு மாசம் ஆச்சு.

இப்போ ஆறு வருஷமா டாலஸ் பக்கம் இருக்கோம். உதிரிபாகம் செய்யுற ஒரு சின்ன கம்பெனியிலிருந்து எனக்கு வேலை வந்திருக்கு. இடம் அதே பியோரியா, இல்லினாய். வீட்டுக்காரர் எங்கிருந்து வேணும்னாலும் வேலை பார்க்கலாம். பொண்ணுக்கு நாலு வயசு. நான் தேடிப் படிச்ச வரைக்கும் பாதிப் பேர் சொர்க்கம்ங்கிறாங்க, மீதிப் பேர் ஓடிப்போயிடுங்கிறாங்க. முன்னாடி பியோரியாவுல இருந்த கேட்டர்பில்லர் தலைமையகமே எங்க பக்கத்து ஊர் இர்விங்குக்கு வந்துடுச்சு. எல்லாரும் தெற்கே வரும்போது நான் மட்டும் வடக்கே போறது புத்திசாலித்தனமா? அங்க இருக்கிறவங்க, இருந்துட்டுப் போனவங்க சொல்லுங்க.

பழையதாடி | ஞாயிறு இரவு 10:40

வாங்க தங்கச்சி. நான் 1996 பிப்ரவரியில வந்தவன். கேட்டர்பில்லர்ல பதினேழு மாசம் நடந்த வேலைநிறுத்தம் முடிஞ்சு ரெண்டே மாசம் ஆகியிருந்தது. என் தெருவுல எதிரெதிர் வீட்டு அண்ணன் தம்பி ரெண்டு பேரும் பேச மாட்டாங்க. ஒருத்தர் மறியலை மீறி வேலைக்குப் போனவர், இன்னொருத்தர் வெளியே கொடி பிடிச்சு நின்னவர். 2009ல அண்ணன் செத்தப்போதான் தம்பி அந்த வீட்டுப் படி ஏறினார். இந்த ஊரைப் புரிஞ்சுக்க எனக்கு அந்தத் தெரு போதும்.

அதுக்கு முன்னாடி 80களின் தொடக்கம் இன்னும் மோசம். 1981ல ஹைரம் வாக்கர் சாராய ஆலையை மூடினாங்க, 1982ல பாப்ஸ்ட் பீர் ஆலை. அது போதாதுன்னு அதே வருஷம் கேட்டர்பில்லர்ல வேலைநிறுத்தம். "கடைசியா ஊரைவிட்டுப் போறவங்க விளக்கை அணைச்சுட்டுப் போங்க"ன்னு பலகை வச்சிருந்ததா பழைய ஆட்கள் சொல்வாங்க.

இப்போ தலைமையகக் கதை. 2015ல டவுன்டவுன்ல பெரிய கட்டடம் கட்டப்போறோம்னு படமெல்லாம் போட்டுக் காட்டினாங்க. 2017 ஜனவரியில அது கிடையாதுன்னு சொல்லி சிகாகோ பக்கம் டீர்ஃபீல்டுக்குப் போனாங்க. 2022ல அங்கிருந்து இர்விங். நாற்காலி போட்டு உட்காருறவங்கதான் போனாங்க. மாஸ்வில்லில் டெக் சென்டர், ஆத்துக்கு அக்கரையில கிழக்கு பியோரியாவுல புல்டோசர் செய்யுற ஆலை எல்லாம் இங்கேயேதான் இருக்கு.

எனக்குப் பிடிச்ச ஊர். ரெண்டு பசங்களை வளர்த்தேன், வீட்டுக் கடனை அடைச்சேன், வேலைக்குப் போக பன்னிரண்டு நிமிஷத்துக்கு மேல ஆனதே இல்லை. ரெண்டு பசங்களும் இப்போ சியாட்டில்ல இருக்காங்க. அதையும் சொல்லிடணும்.

சனிக்கிழமை_சாபம் | ஞாயிறு இரவு 11:05

தாடி அண்ணா நாலு பெட்ரூம்ல உட்கார்ந்து எழுதுறார். நான் ஒரு பெட்ரூம்லேர்ந்து எழுதுறேன். வயசு 27. வந்து ரெண்டு வருஷம் ஆகுது.

என் சனிக்கிழமையைச் சொல்றேன், கேளுங்க. காலையில துணி துவைப்பு. மத்தியானம் மளிகை. சாயங்காலம் ஆத்தோரம் நடை. ஏழு மணிக்கு டவுன்டவுன்ல ஹாக்கி மேட்ச் இருந்தா கூட்டம் இருக்கும், இல்லைன்னா சிக்னல் எனக்காகவே பச்சை, மஞ்சள், சிவப்புன்னு மாறிட்டு இருக்கும். எட்டு மணிக்கு வீடு. சிகாகோவுக்கு ரயில் ஏறலாம்னா பியோரியாவுக்கு 1981லேர்ந்து பயணிகள் ரயிலே கிடையாது. நார்மல்ங்கிற ஊர் வரை 40 மைல் ஓட்டிப் போய் ஏறணும். அவ்வளவு தூரம் ஓட்டினவன் மீதி ரெண்டு மணி நேரத்தையும் ஓட்டியே போயிடுவான்.

கல்யாணத்துக்குப் பார்க்கிற பொண்ணு வீட்ல "எந்த ஊரு?"ன்னு கேட்டா அம்மா "சிகாகோ பக்கம்"ங்கிறாங்க. 165 மைல் பக்கமாம்! மதுரைக்கும் கோயம்புத்தூருக்கும் நடுவுலகூட அவ்வளவு தூரம் இல்லை.

டன்லப்_அக்கா | திங்கள் காலை 7:20

எதிர்க்காற்று, நாலு வயசுப் பொண்ணுன்னு சொன்னதால எழுதுறேன். சாபம் தம்பி சொன்னது பொய்யில்லை, ஆனா அவர் சொன்ன ஊர் வேற, நான் இருக்கிற ஊர் வேற.

நம்மாட்கள் பெரும்பாலும் வடக்குப் பக்கம், டன்லப் பள்ளி மாவட்டத்துல இருப்பாங்க. முகவரி பியோரியான்னுதான் இருக்கும், பள்ளிக்கூடம் டன்லப். வீடு பார்க்கும்போது தெருப் பேரை மட்டும் பார்க்காம எந்தப் பள்ளி மாவட்டம்னு கேளுங்க. கோடு தெருவோட நடுவுல போகும், அந்தப் பக்கம் பியோரியா நகரத்தோட 150ஆம் பள்ளி மாவட்டமா இருக்கும். 150ல நல்ல பள்ளிகளே இல்லைன்னு சொல்லிட முடியாது. விசாரிக்காம கையெழுத்துப் போட்டுட்டு அப்புறம் அழுதவங்களை எனக்குத் தெரியும், அதான் சொல்றேன்.

குழந்தைக்கு இங்க நேரம் கிடைக்கும். டாலஸ்ல நீங்க கார்ல செலவழிக்கிற நேரம் இங்க கையில இருக்கும். வைல்ட்லைஃப் ப்ரெய்ரி பார்க்ல காட்டெருமை பார்க்கலாம். ஃபாரஸ்ட் பார்க்ல காட்டுப் பாதையில நடக்கலாம். மார்டன்ல செப்டம்பர் வந்தா பூசணித் திருவிழா. நாட்டுல டப்பாவுல விக்கிற பூசணியில பெரும்பங்கு அந்தச் சின்ன ஊர் ஆலையிலிருந்துதான் போகுது. நன்றி சொல்லும் நாளுக்கு மறுநாள் சாண்டா ஊர்வலம், 1888லேர்ந்து விடாம நடக்குது. இது போதாதுன்னு சொல்றவங்களுக்குப் போதாதுதான்.

முதல்லயே சொல்லிடணும்: மாசத்தோட முதல் செவ்வாய்க்கிழமை காலை 10 மணிக்குச் சூறாவளிச் சங்கு ஊதுவாங்க. சோதனைதான். எங்க மாமியார் வந்த ரெண்டாவது வாரம் நான் அதைச் சொல்ல மறந்துட்டேன். ஆபீஸ்லேர்ந்து மத்தியானம் போன் பண்ணா எடுக்கலை. பதறிப் போய் வீட்டுக்கு வந்து பார்த்தா, பாஸ்போர்ட், நகைப்பை, ஊறுகாய் பாட்டில் மூணையும் மடியில வச்சுக்கிட்டு பேஸ்மென்ட்ல இருட்டுல உட்கார்ந்திருக்காங்க. மூணு மணி நேரமா! சோதனைன்னு சொன்னதுக்கு, "நெருப்புன்னா வாய் வெந்திடுமான்னு கேப்பாங்க, உங்க ஊர்ல வேகவச்சே பார்க்கிறீங்க"ன்னாங்க. ஊறுகாய் எதுக்குன்னு கேட்டேன். "எத்தனை நாள் இருக்கணுமோ, யார் கண்டா."

சனிக்கிழமை_சாபம் | திங்கள் காலை 7:41

அக்கா, அந்தம்மாவோட நான் ஒத்துப்போறேன். ஊறுகாய் இல்லாம இந்த ஊர்ல யாரும் உட்காரக்கூடாது.

கணக்குப்பிள்ளை | திங்கள் மதியம் 12:30

எல்லோரும் வீடு மலிவு, வீடு மலிவு என்கிறார்கள். சொத்து வரியை யாரும் சொல்வதில்லை. டெக்சாஸ்காரர்களுக்கு வரி புதிதல்ல, ஆனால் அங்கே மாநில வருமான வரி இல்லை. இங்கே 4.95 சதவீதம் சம்பளத்திலேயே போய்விடும். இருவர் சம்பளத்துக்கும்தான்.

சொத்து வரி இப்படி வேலை செய்கிறது. 2,10,000 டாலர் வீடு என்றால் அதில் மூன்றில் ஒரு பங்கு, 70,000, வரிக்குரிய மதிப்பு. நீங்களே குடியிருந்தால் 6,000 கழிப்பார்கள். அதற்கு மனு போட வேண்டும், தானாக வராது. மீதி 64,000. விகிதம் 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டால் 5,760 டாலர். பள்ளி மாவட்டத்தைப் பொறுத்துக் கூடும், குறையும். ஜூனில் ஒரு தவணை, செப்டம்பரில் ஒரு தவணை.

இன்னொன்று. இந்த வருடம் கட்டுவது போன வருடத்து வரி. அதனால் வீடு வாங்கும்போது விற்பவர் தான் குடியிருந்த காலத்து வரியைக் கணக்குப் பார்த்து உங்களுக்குக் கழித்துத் தருவார். முதல்முறை வாங்குகிறவர்கள் அதைத் தள்ளுபடி என்று நினைத்துச் செலவு செய்துவிடுகிறார்கள். நானும் செய்தேன். சோபா வாங்கினேன். ஜூனில் பில் வந்தபோது அந்தச் சோபாவில்தான் உட்கார்ந்து படித்தேன்.

வெளியேறியவன் | திங்கள் இரவு 8:55

நான் ஏழு வருஷம் இருந்தேன். இப்போ சிகாகோ பக்கம் நேப்பர்வில். யாரையும் பயமுறுத்த எழுதலை.

எச்1பி வேலை விசாவுல இருந்தேன். 2019 கடைசியில ஒரு வியாழக்கிழமை காலை மீட்டிங்குக்குக் கூப்பிட்டாங்க, பத்து நிமிஷத்துல முடிஞ்சது. கம்பெனி பேர் வேண்டாம். அறுபது நாள்ல வேற வேலை பார்க்கணும், இல்லைன்னா பெட்டி கட்டணும். டாலஸ்லயோ சிகாகோவுலயோ இருந்தா வீடு மாறாம வேற கம்பெனி மாறலாம். பியோரியாவுல என் துறையில ரெண்டு கதவுதான். ஒண்ணு சாத்தினப்போ மத்ததும் ஆள் எடுக்கிறதை நிறுத்தியிருந்தது, ஏன்னா அதுக்கும் வேலை தர்றது முதல் கதவுதான். ஊருக்கு ஒரு வைத்தியர் இருந்தா நல்லதுதான். அவருக்கே காய்ச்சல் வந்தா?

மனைவி பையனோட அங்கேயே ஸ்கூல் வருஷம் முடியற வரைக்கும் இருந்தாங்க, நான் இங்க நண்பன் வீட்டு ஹாலில். 1,85,000க்கு வாங்கின வீட்டை 1,79,000க்கு வித்தேன். நடுவுல கூரை மாத்தியிருந்தேன். வாங்கும்போது மலிவுன்னு சந்தோஷப்பட்டது விற்கும்போதும் அப்படியே மலிவா இருந்தது.

எதிர்க்காற்று, உங்க கிரீன் கார்டு நிலைமை என்ன? அதைச் சொல்லாம இந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவே முடியாது.

பழையதாடி | திங்கள் இரவு 9:30

வெளியேறியவன் தம்பி சொன்னது நிஜம், மறுக்க மாட்டேன். ஆனா வீட்டு விலை விஷயம் 2021க்கு அப்புறம் மாறிடுச்சு. வெள்ளிக்கிழமை பலகை வச்சா ஞாயித்துக்கிழமை ஆள் வந்துடுது. டிக்டாக்ல பார்த்துட்டு வேற மாநிலத்திலிருந்து வந்து பழைய செங்கல் வீடு வாங்குறாங்க. என் தெருவுலயே ஒரு குடும்பம் அப்படித்தான் வந்தது. அப்புறம் மருத்துவமனைகளை மறந்துட்டீங்க. ஓஎஸ்எஃப் செயின்ட் பிரான்சிஸ், குழந்தைகள் மருத்துவமனை, மருத்துவக் கல்லூரி. 96ல ஊருக்கு ஒரு கால். இப்போ ஒன்றரைக் கால்னாவது சொல்லலாம். நார்மல்ல மிட்சுபிஷி ஆலை மூடினப்போ எல்லாரும் முடிஞ்சதுன்னாங்க, 2021லேர்ந்து அதே கட்டடத்துல ரிவியன் மின்சார வண்டி வருது. முக்கால் மணி நேர ஓட்டம்.

வெளியேறியவன் | திங்கள் இரவு 9:38

ஒன்றரைக் காலோட எவ்வளவு தூரம் நடப்பீங்க அண்ணா?

பழையதாடி | திங்கள் இரவு 9:44

முப்பது வருஷமா நடக்கிறேனே.

நிம்மதி_விரும்பி | செவ்வாய் காலை 6:50

ஒரே அறிவுரை: தெற்குப் பக்கம், 61605 பின்கோடு பக்கம் போகாதீங்க. வடக்குல வேலை, வடக்குல வீடு, வடக்குல கடை. மத்ததெல்லாம் இல்லைன்னே நினைச்சுக்கோங்க.

இரவுப்பணி | செவ்வாய் காலை 8:15

நிம்மதி விரும்பி, அந்த "இல்லைன்னே நினைச்சுக்கோங்க" பகுதியிலதான் நான் வேலை பார்க்கிறேன். நர்ஸ். வாரத்துல ரெண்டு நாள் அங்க ஒரு கிளினிக்.

சிறுநீரக நோயாளி ஒருத்தங்க வருவாங்க, எழுபதைத் தாண்டின பாட்டி. தக்காளி, வாழைப்பழம், உருளைக்கிழங்கு குறைங்க, பொட்டாசியம் குறைஞ்ச காய்கறி சாப்பிடுங்கன்னு நாங்க ஒரு தாள் கொடுக்கிறோம். அவங்க அதை நாலா மடிச்சு பர்ஸ்ல வச்சுக்கிட்டு என்கிட்ட கேட்டாங்க: "இதெல்லாம் எங்கம்மா விக்குது?" அந்தப் பக்கம் இருந்த பெரிய மளிகைக் கடையை மூடி வருஷக்கணக்காச்சு. பஸ் பிடிச்சு, மாறி, பையைத் தூக்கிட்டு வரணும், வாரத்துக்கு மூணு நாள் டயாலிசிஸ் போற உடம்போட. பக்கத்துல கிடைக்கிறது டாலர் கடைச் சிப்ஸ். கறுப்பின மக்களுக்கு வாழ மோசமான ஊர்கள்னு பட்டியல் வந்தா பியோரியா அடிக்கடி மேல வரும். நீங்களும் நானும் இருக்கிற அதே பியோரியாதான் அது.

ஊர் எப்படின்னு ஒருத்தங்க கேட்கும்போது பாதி ஊரை அழிச்சுட்டுப் பதில் சொல்றது நியாயமா?

நிம்மதி_விரும்பி | செவ்வாய் காலை 8:32

மேடம், நான் யாரையும் குறை சொல்லலை. என் நண்பன் கார் கண்ணாடியை அங்க உடைச்சு லேப்டாப்பைத் தூக்கிட்டுப் போனாங்க. புதுசா வர்ற குடும்பத்துக்குப் பாதுகாப்பு சொல்றது தப்பா?

இரவுப்பணி | செவ்வாய் காலை 8:40

பாதுகாப்பு சொல்லுங்க. லேப்டாப்பை சீட்ல வச்சுட்டுப் போகாதீங்கன்னு சொல்லுங்க. அது வடக்குக்கும் பொருந்தும். என் பைக் டன்லப்லதான் திருடு போச்சு.

சோளக்கொல்லை | செவ்வாய் மதியம் 1:10

கொஞ்சம் மூச்சு விடுங்கப்பா. பெனிசிலின் கதையை யாரும் சொல்லலையே? 1941ல ஆக்ஸ்போர்டிலிருந்து ஃப்ளோரியும் ஹீட்லியும் பெனிசிலின் பூஞ்சையோட வந்து சேர்ந்த இடம் இந்த ஊர் விவசாய ஆராய்ச்சிக்கூடம். ஸ்டார்ச் எடுக்கச் சோளத்தை ஊறவச்சா மிஞ்சுமே ஒரு தண்ணி, யாருக்கும் வேண்டாத கழிவு, அதுல வளர்த்தா பூஞ்சை பல மடங்கு மருந்து கொடுக்குதுன்னு இங்க கண்டுபிடிச்சாங்க. 1943ல இதே ஊர்ல கிடைச்ச ஒரு முலாம்பழத்துல இருந்த பூஞ்சை அதையும் மிஞ்சிடுச்சு. பொண்ணைக் கூட்டிட்டு அந்தக் கட்டடத்தைத் தாண்டும்போது சொல்லுங்க.

சனிக்கிழமை_சாபம் | செவ்வாய் மதியம் 1:22

ஊரோட தலைசிறந்த பெருமை அழுகின பழம். நான் சொன்னா மட்டும் எல்லாரும் அடிக்க வர்றீங்க.

டன்லப்_அக்கா | செவ்வாய் மாலை 6:05

இன்னிக்கு முதல் செவ்வாய். 10 மணிக்குச் சங்கு ஊதுச்சு. மாமியார் இப்போ சேலத்துல இருக்காங்க. இருந்தாலும் வாட்ஸப்ல "ஊதுச்சா?"ன்னு கேட்டாங்க.

குளிரைப் பத்தி யாரும் ஒழுங்கா சொல்லலை. 2019 ஜனவரி கடைசியில இல்லினாய்ல மவுன்ட் கரோல்ல மைனஸ் 38 ஃபாரன்ஹீட் போச்சு, மாநிலத்துக்கே சாதனை. எப்பவும் அப்படி இருக்காது. எனக்கு அதைவிட மார்ச் மாசம்தான் கஷ்டம். வெள்ளைப் பனி எல்லாம் அழுக்காகி, கடை நிறுத்துமிடத்துல கறுப்பு மலையா நிக்கும். வானம் அலுமினியப் பாத்திரத்தைக் கவுத்த மாதிரி. அந்த ஒரு மாசத்தைத் தாண்டிட்டீங்கன்னா தாண்டினீங்க. கறிவேப்பிலைச் செடியை அக்டோபர்லயே உள்ள எடுத்துடுங்க. நான் ஒரு ராத்திரி சோம்பல்பட்டு, அஞ்சு வருஷச் செடி போச்சு.

சூறாவளி நிஜமாவும் வரும். 2013 நவம்பர் 17, ஞாயித்துக்கிழமை காலை, பக்கத்து ஊர் வாஷிங்டன்ல ஆயிரத்துக்கும் மேல வீடுகள் சேதமாச்சு. நவம்பர்ல யாரும் எதிர்பார்க்கலை. பேஸ்மென்ட் இல்லாத வீட்டை நான் வாங்க மாட்டேன்.

எதிர்க்காற்று | புதன் இரவு 10:15

இவ்வளவு பேர் எழுதுவீங்கன்னு நினைக்கவே இல்லை. வெளியேறியவன் அண்ணா, நீங்க கேட்ட கேள்வியிலதான் ராத்திரி தூக்கம் போச்சு. எனக்கு எச்1பி, கிரீன் கார்டுக்குக் கம்பெனி போடுற ஐ140 மனு ஒப்புதல் ஆயிடுச்சு, வரிசை எப்போ நகரும்னு தெரியாது. வீட்டுக்காரர் எச்4ங்கிற துணைவர் விசாவுலதான் வேலை பார்க்கிறார், அவர் அனுமதியும் என்னோடதைப் பிடிச்சுத்தான் தொங்குது. ஆக ரெண்டு சம்பளத்துக்கும் ஒரே ஆணி. நேர்ல பார்த்துட்டு முடிவு பண்றோம். பிப்ரவரியில வர்றோம், வேணும்னே மோசமான மாசம்.

பழையதாடி | புதன் இரவு 10:31

வந்தா கிராண்ட்வியூ டிரைவ் போகாம திரும்பக்கூடாது. 1910ல தியோடர் ரூசவெல்ட் உலகத்துலயே அழகான சாலைன்னு சொன்னாராம். இங்க ஒரு வானொலி நிலையத்துக்கே 'World's Most Beautiful Drive'ங்கிறதோட முதலெழுத்துகள்தான் பேரு, WMBD.

எதிர்க்காற்று | மூணு வாரம் கழிச்சு, ஞாயிறு இரவு 9:50

வந்துட்டுப் போனோம். தாடி அண்ணா, கிராண்ட்வியூ டிரைவ்ல பனிமூட்டம். உலகத்துலயே அழகான சாலையில என் வண்டி பானெட்தான் தெரிஞ்சது. பத்து நிமிஷம் நிறுத்திப் பார்த்தோம், ஆறு எந்தப் பக்கம்னுகூடத் தெரியலை. வீட்டுக்காரர் ரொம்ப மரியாதையா "நல்லா இருக்கு"ன்னார்.

மறுநாள் வெயில். ஆத்தோரம் நிறுத்தினோம். ஓரமெல்லாம் ஐஸ், நடுவுல தண்ணி ஓடுது, மிதந்து வர்ற ஐஸ் பலகை மேல ஒரு வெள்ளைத்தலைக் கழுகு நிக்குது. கூட இன்னும் ரெண்டு மரத்துல. பக்கத்துல நின்ன பெரியவர் தன்னோட பைனாகுலரைக் கழட்டி பொண்ணு கழுத்துல மாட்டிட்டார், எங்ககிட்ட கேட்கவே இல்லை. அரை மணி நேரம் அவர் குளிர்ல கையைக் கட்டிக்கிட்டு நிக்கிறார், இவ தர மாட்டேங்கிறா. "எவ்வளவு நாள் இருப்பீங்க?"ன்னு கேட்டார். நாங்க ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டோம்.

வேலையை ஒத்துக்கிட்டேன். வீடு வாங்கலை. டன்லப் எல்லையில வாடகைக்கு, பன்னிரண்டு மாச லீஸ். பேஸ்மென்ட் இருக்கு அக்கா. எட்டு மாசச் செலவுக்குப் பணம் தனியா எடுத்து வச்சிருக்கோம் வெளியேறியவன் அண்ணா, அது இருந்தாலும் அறுபது நாள் நீளாதுன்னு தெரியும். இரவுப்பணி, உங்க கிளினிக் பக்கம் காய்கறி கொண்டுபோய்க் கொடுக்க ஏதாவது ஏற்பாடு இருந்தா எனக்குத் தனியா எழுதுங்க.

வெளியேறியவன் | ஞாயிறு இரவு 10:02

வாடகை. சரி. அது ஒண்ணுதான் நான் கேட்டது. என்கிட்ட நல்ல பனி மண்வாரி ஒண்ணு சும்மா கிடக்கு, நேப்பர்வில்ல இருக்கிற அப்பார்ட்மென்ட்ல அவங்களே வாரிடுறாங்க. அடுத்த மாசம் அந்தப் பக்கம் வர்றேன், கொண்டு வந்து தர்றேன்.

சனிக்கிழமை_சாபம் | ஞாயிறு இரவு 10:09

எந்தக் கிழமை வர்றீங்க அண்ணா? சனிக்கிழமைன்னா நான் சும்மாதான் இருப்பேன்.